பூட்டிய வீட்டுச் சுவர்

தடாலென்று ஒரு சத்தம். வீட்டுத் தரையே அதிர்ந்தது. காபித் தம்ளர்களோடு வந்த தாட்சாயணி நடையில் அப்படியே நின்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா வரதராஜன் பதறி எழுந்தார். காளஹஸ்தியிலிருந்து இரண்டு பஸ் மாறி, நனைந்த வேட்டியோடு வந்திருந்தார். தாட்சாயணியின் மகள் பத்மினியைப் போன மாதமே பார்த்து, பிடித்துப் போயிற்று. இன்று வீடு பார்க்கும் சடங்கு. பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். திங்கட்கிழமையே வந்திருக்க வேண்டியவர். பங்குனியில் யாரும் நினைக்காத மழை ஒரு வாரமாகக் கொட்டியதில் இன்றுதான் பஸ் ஓடியது.

அவர் நகை, ரொக்கம் எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒரு விசா. தொண்ணூறுகளின் கடைசியில் விஜயபுரம் பக்கத்துக் கிராமங்களில் பவுனைவிட அதற்குத்தான் மதிப்பு. தாட்சாயணியின் கணவன் ரங்கன் மூன்று வருஷமாகக் குவைத்தில் டிரைவர். மாப்பிள்ளையையும் அவன் அங்கே கூப்பிட்டுக்கொள்வான் என்று பேச்சு. அந்தப் பேச்சின்மேல்தான் பத்மினியின் கல்யாணமே நின்றுகொண்டிருந்தது.

"வூடு பாக்க வந்த நேரத்துல இன்னாம்மா இது, இடியா, வூடு வுழுதா?" என்று வரதராஜன் சிரிக்கப் பார்த்தார்.

"பெரியப்பா வூட்டுச் செவுரு வுழுந்துடுச்சிம்மா," என்றாள் பத்மினி, பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து.

ரங்கனின் அண்ணன் குடும்பத்தோடு சென்னைக்குப் போனபின் பூட்டியே கிடக்கும் பக்கத்து மண் வீடு அது. ஒரு வாரமாக ஊறிய சந்துப் பக்கச் சுவர் உள்ளே சரிந்து கிடந்தது. ஆள் இல்லாத வீடுதானே என்று தாட்சாயணி திரும்பினாள். அப்போது இடிபாட்டுக்குள்ளிருந்து யாரோ முனகினார்கள்.

தாட்சாயணி தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள். எதிர்வீட்டு மணியம்மா மண்வெட்டியோடு வந்து சேர்ந்தாள். இருவருமாகச் சேற்றை வாரினார்கள். முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு தாடி மண்டிய, ஒட்டிப்போன ஒரு முகம்.

மணியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரங்கன்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான். பம்பாயிலேயே ஏஜென்ட் பாஸ்போர்ட்டுகளோடு ஓடிப் போனானாம். விமானத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லையாம். ஊருக்குள் தலைகாட்ட வெட்கப்பட்டு, நகரியில் ரயிலை விட்டு இறங்கி, அங்கேயே ஒரு விசைத்தறி ஷெட்டில் சேர்ந்துவிட்டானாம்.

"மழைல கரண்டு பூட்ச்சி. ஷெட்ட மூடி எல்லாரையும் வெளிய அனுப்சிட்டாங்க. படுக்க எடமில்ல தாட்சாயணி, அதான் நேத்து இருட்டுல இங்க வந்துட்டேன்."

நகரியா?

மாதாமாதம் அவள் பஸ் ஏறிப் போய், நகரி பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்தில்தான் அவனுடைய போனுக்காகக் காத்திருப்பாள். குவைத்தில் வெயில் எப்படி என்று போன தடவைகூடக் கேட்டாள். மணல் கொதிக்கிறது என்றான். அதை அவன் இரண்டு தெரு தள்ளி நின்றுகொண்டு சொல்லியிருக்கிறான். அவனை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை.

வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வரதராஜன் குடையோடு வந்தார். அவர் பின்னாலேயே பட்டுப் புடவையில் பத்மினி. அப்பாவைப் பார்த்த கணத்தில் அவள் முகம் வெளுத்தது.

வரதராஜன் குனிந்து, ரங்கனை மேலும் கீழும் பார்த்தார். அவனை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

"யார்ப்பா நீ? பூட்டன வூட்ல இன்னா பண்ணிக்கினு இருந்த?"

தாட்சாயணி வாயைத் திறந்தாள். ரங்கன் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டு, மகளை ஒரு தடவை பார்த்தான். பிறகு சேற்றோடு இரண்டு கைகளையும் வரதராஜனை நோக்கிக் கூப்பினான்.

"மழைக்கு ஒதுங்கன கூலியாளு சாமி நானு, இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது."