கடைசிப் பூச்சு

மாசி வெயில் பேனட்டில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று காலை ஆறரைக்கே போய்விட்டேன். என் மாமனார் பஞ்சநதம் அதற்கும் முன்பே வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய சின்ன மாப்பிள்ளை அரவிந்தனின் வெள்ளைக் கார். இரண்டு ஹெட்லைட்டும் மஞ்சள் காமாலை வந்த கண் மாதிரி பழுத்திருந்தன. இன்னும் பத்து நாளில் மாமனாருக்கும் மாமியாருக்கும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். ஜோடி வந்து இறங்கப்போகிற கார் கோயில் வாசலில் இப்படி நிற்கக்கூடாது என்பது அவருடைய கவலை. என் வண்டியின் விளக்கை நான் பளிச்சென்று ஆக்கியதைப் பார்த்திருந்தார். "இதையும் அப்படியே பண்ணிக் கொடுத்துடுங்க மாப்ள. இதெல்லாம் உங்க கைக்குத்தான் வரும்" என்றார்.

இந்தக் கைதான் ஒன்பது வருஷம் அவருக்காக ஸ்டீரிங் பிடித்தது. நான் குணசேகரன், மூத்த மாப்பிள்ளை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் சொந்தம் கொஞ்சமும் குத்தகை கொஞ்சமுமாகப் பயிர் வைக்கிறவன். நான் பழைய கார் ஒன்று வாங்கிய நாளிலிருந்து மாமனார் எங்கே கிளம்பினாலும் எனக்குத்தான் போன் வரும். கும்பகோணத்துப் பல் டாக்டர், திருவாரூர் கலெக்டர் ஆபீஸ், சீர்காழியில் பங்காளி வீட்டுக் கல்யாணம், எல்லாவற்றுக்கும் நான்தான். நாற்று விட்டிருந்தாலும் சரி, ஆள் வைத்துக் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, போட்டது போட்டபடி கிளம்பிவிடுவேன். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு யார் வயலில் என்ன பூச்சி, எந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை என்று பேசிக்கொண்டே வருவார். பெரிய மாப்பிள்ளை இல்லாமல் ஐயா தெருவைத் தாண்டமாட்டார் என்று டீக்கடையில் சொல்வார்கள். வெளிப்படையாகச் சொல்வதற்கு என்ன, அந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காகவே நான் அந்தக் கடையில் வண்டியை நிறுத்தி டீ குடித்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அரவிந்தன், செகண்ட் ஹேண்டில் இந்தக் காரை வாங்கி மாமனார் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். இனிமேல் நீங்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் மாமா என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னான். யாரையும் என்றால் வேறு யார், நான்தான். ஐம்பத்தெட்டு வயதில் மாமனார் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். மூன்றாம் மாதம் அவரே திருவாரூர் போய் வந்தார். எனக்கு வந்துகொண்டிருந்த போன் நின்றது. டீக்கடையில் இப்போது பேச்செல்லாம் சின்ன மாப்பிள்ளை வண்டியைப் பற்றித்தான். அரவிந்தன் கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். அவனோ ஒவ்வொரு தடவையும் எனக்கென்று தனியாக ஒரு பை கொண்டுவருவான், காலைத் தொட்டுக் கும்பிடுவான். அதிலெல்லாம் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, கூடத்தான் செய்தது.

விளக்கைச் சுற்றி டேப் ஒட்டினேன். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைசு, பிறகு அதைவிட நைசு என்று தேய்த்தேன். மஞ்சள் கரைந்து பழுப்பாக வழிந்தது, அப்புறம் பால் மாதிரி வழிந்தது. தேய்த்து முடித்தபோது விளக்கு பாத்ரூம் ஜன்னல் கண்ணாடிபோல வெளுத்துக் கிடந்தது. மாமனார் பயந்துபோய் எழுந்துவிட்டார். பொறுங்க மாமா என்று சொல்லிவிட்டு பாலிஷைத் துணியில் தடவி வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இருக்கிற பல்பு தெரிந்தது. பத்தரை மணிக்கு இரண்டு விளக்கும் ஷோரூம் வண்டியில் இருப்பதுபோல ஆகிவிட்டன.

வேலை அதோடு முடியவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் என் வண்டிக்கு முதல் தடவை செய்தபோது இந்த இடத்தோடுதான் விட்டேன். மூன்றே மாதத்தில் முன்பு இருந்ததைவிட மோசமாக மங்கிப்போனது. நன்னிலம் கடைத்தெருவில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஜாபிர்தான் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். "கம்பெனியில போட்ட தோலை உரிச்சுட்டு வெறும் உடம்பா வெயில்ல நிறுத்திட்டீங்களே அண்ணே. தேய்க்கறது பாதி வேலைதான். கிளியர் கோட் அடிச்சாத்தான் நிக்கும்." அந்தக் கிளியர் கோட் டப்பா ஒன்று அப்போதும் என் பையில் இருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மெல்லிசாக இரண்டு பூச்சு. அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து மாமனார் விளக்கைப் படம் எடுத்து சிங்கப்பூருக்கு அனுப்பினார். உடனே அரவிந்தன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் அவன் என்னைப் புகழ்ந்தது தெருவுக்கே கேட்டது. போனை வைத்ததும் மாமனார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "சின்ன மாப்ள வண்டிக்கு ஒரு களை வந்துடுச்சு" என்றார். அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. திருக்கடையூர் வரைக்கும் மின்னட்டும், அப்புறம் பழையபடி பழுக்கட்டும் என்று நினைத்தேன். டப்பாவை எடுக்காமலே பையின் ஜிப்பை மூடினேன். இது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். "பல வருஷம் தாங்கும் மாமா" என்றேன்.

திருக்கடையூருக்கு ஜோடியை லீவில் வந்த அரவிந்தன்தான் காரில் கூட்டிப்போனான். என் வண்டியில் வாழைத்தாரும் கலசச் செம்புகளும் இரண்டு சமையல்காரர்களும் வந்தார்கள். சன்னதித் தெருவில் மாலை போட்டு நின்ற அந்தக் காரில், எனக்குத் தெரியாத உறவெல்லாம் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டது. கொஞ்சம் சிரித்த முகமாக நில்லுங்கள் என்று என் மனைவி சாவித்திரி இரண்டு தடவை சொன்னாள். சிரித்துப் பார்த்தேன். அந்தப் போட்டோவில் பல்வலிக்காரன் மாதிரி இருக்கிறேன்.

பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் தன் வேலையைச் செய்தது. மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் என் கண் அந்த விளக்குக்குத்தான் போகும். சித்திரையில் மேல் ஓரம் லேசாகப் பூத்தது. ஆடியில் முழுக்கப் புகை படிந்துவிட்டது. எனக்கு சந்தோஷமாக இருந்தது. என் விளக்கு பளபளவென்று இருக்கும்போது அது அழுது வடிவதைப் பார்க்க அப்படி ஒரு சந்தோஷம். மாமனார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கவில்லை.

புரட்டாசியில் குறுவை அறுவடை. மழைக்குப் பயந்து எல்லோரும் நெல்லை ரோட்டில் காயப்போட்டிருந்தார்கள். பகலெல்லாம் பாதி ரோட்டில் பரப்பி வைப்பதும், பொழுது சாயும்போது குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் கல் வைப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். வண்டிக்காரன்தான் பார்த்து ஒதுங்கிப் போகவேண்டும். தூறல் விழுந்த ஒரு சாயங்காலம் நன்னிலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மாமனார், அப்படி ஒரு குவியலின் மேல் காரை ஏற்றிவிட்டார். காவலுக்கு உட்கார்ந்திருந்த ராசம்மாள் அப்போதுதான் டார்ச் எடுக்க எழுந்து போயிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த சாக்கின் மேல்தான் முன் சக்கரம் நின்றதாம்.

மறுநாள் மத்தியானம் நான் போனபோது மாமனார் முற்றத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பர் உடைந்த கார் வாசலில் நின்றது. சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இனிமே நீங்களே ஓட்டுங்க மாப்ள. எனக்குக் கண்ணு போயிடுச்சு."

டாக்டரிடம் போகலாம் என்றேன். ஆவணியிலேயே யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறித் திருவாரூர் போய்க் காட்டியிருக்கிறார். இந்த வயதுக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். மனசு கஷ்டப்படக்கூடாது என்று பொய் சொல்கிறார்கள் என்பது இவருடைய முடிவு. பல மாதமாகவே பொழுது சாய்ந்தால் ரோடு தெரியவில்லையாம். பயந்து பயந்துதான் ஓட்டினாராம்.

"லைட்டு கிட்டு மங்கியிருக்கலாம் மாமா" என்று மெதுவாகச் சொன்னேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"சேச்சே. அது நீங்க பண்ணிக் கொடுத்தது, அதுல குறை இருக்காது. எனக்குப் பகல்லயே அந்த விளக்கு புகை மண்டின மாதிரிதான் தெரியுது. அதை வெச்சுத்தான் கண்ணு போச்சுன்னே கண்டுபிடிச்சேன்."

சாவியை வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. நீங்கள் பக்கத்தில் இருப்பதால்தான் நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன் அண்ணே என்றான் அரவிந்தன். கடைசியில் அப்பா உங்களிடம்தான் வந்தார் பார்த்தீர்களா என்று சாவித்திரிக்கு முகம் கொள்ளாத பூரிப்பு. நான் இரண்டு வருஷமாக எதற்காக வெந்துகொண்டிருந்தேனோ அது அப்படியே என் கைக்கு வந்துவிட்டது. ஒரு நாள் காலை உட்கார்ந்தால் போதும், வாட்டர் பேப்பர், பாலிஷ், இரண்டு பூச்சு, அவருக்குக் கண் திரும்பிவிடும். கண் திரும்பினால் சாவியும் திரும்பிப் போய்விடும். நாளைக்குச் செய்யலாம் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வாரத்தில் அவரைக் கொள்முதல் நிலையத்துக்கும் பேங்குக்கும் நான்தான் கூட்டிப்போனேன். டீக்கடையில் பெரிய மாப்பிள்ளை என்று மறுபடியும் பேச்சு எழுந்தது. டீதான் நன்றாக இல்லை.

ராசம்மாளை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார் மாமனார். ஒரு புடவையும் ஒரு மூட்டை நெல்லும் எடுத்துக்கொண்டு அந்த வெள்ளைக் காரிலேயே போனோம். அவள் உட்கார வைத்துப் பேசியதில் திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டேன். பேனட்டுக்கு முன்னால் அழுக்கு மஞ்சளாக ஒரு சின்ன வட்டம், அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. ரோடு எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஸ்டீரிங்கின் மேல் குனிந்து முதல் கியரிலேயே ஊர்ந்தேன்.

"நல்லாத் தெரியுதுங்களா மாப்ள?"

"தெரியுது மாமா."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். அறுபது வருஷமாக நடந்த ரோடு அது. சொல்லிப் பார்த்துக்கொள்கிறவர்போல மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். "இப்ப எடது கைப் பக்கம் மதகு வரும், வலது ஓரமாவே போங்க." ஒதுங்கினேன். மதகு சுவர் கதவை உரசுகிற தூரத்தில் கடந்து போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. "அடுத்தது ஒரு வளைவு, பக்கத்துலயே நெல்லு குவிச்சிருப்பாங்க" என்றார், கண்ணை மூடியபடியே. நான் ஸ்டீரிங்கைத் திருப்பினேன்.