சகலைக்கு ஒரு மாத்திரை

காலைச் சாப்பாடு முடிந்ததும் என் கணவர் இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்து முறைத்துப் பார்ப்பார். தையல்கடையில் கட்டிங் மாஸ்டர் அவர். என் தங்கையின் கணவர் லாரி டிரைவர். இருவருக்கும் ஒரே வருடம் ரத்தக்கொதிப்பு வந்தது. வீடு, பைக், பிள்ளைகளின் மார்க் என்றிருந்த போட்டி அதிலும் தொற்றிக்கொண்டது.

"எனக்கு ஒண்ணுதான் சகலை. உடம்பு வாகு அப்படி," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் டிரைவர் காலை ஆட்டிக்கொண்டே சொன்னார். இவருக்கு முகம் சுண்டிப்போனது. திரும்பி வந்து எங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும், "உக்காந்தே தொப்பை வளர்க்கிறவனுக்கு ஒண்ணு, நாள் பூரா நிக்கிற எனக்கு ரெண்டா?" என்றார்.

மறுநாளே, எனக்குத் தெரியாமல், பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்திவிட்டார். கோபமும் பதற்றமும் வந்தால் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரட்டும், அந்த மாத்திரை அதைத் தடுக்கும் என்று டாக்டர் முன்பே விளக்கியிருந்தார். அழுத்தம் அடங்கினால்தான் ஏற்கெனவே சோர்ந்த சிறுநீரகம் தாங்கும், கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது என்றும் எச்சரித்திருந்தார். பொறாமை காதை அடைத்துவிட்டது. நெஞ்சு படபடத்ததையும் மறைத்தார். அடுத்த ஞாயிறு, தனக்கும் இப்போது ஒன்றுதான் என்று சகலையிடம் சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். டிரைவர் சிரித்தார், சிரிப்பில் எரிச்சல் இருந்தது.

ஊரையே டேப்பால் அளந்தவர், சில மாதங்களில் தன் கால் வீங்கி, செருப்பு வாரை ஒவ்வொரு துளையாகத் தளர்த்தியதைக் கண்டுகொள்ளவில்லை. கடையில் மயங்கி விழுந்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். அதற்குள் சிறுநீரகங்கள் கைவிட்டிருந்தன. டயாலிசிஸில் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு போய்விட்டார்.

சில வாரம் கழித்து டிரைவர் வந்தார். சாப்பிட்டு முடித்து, சட்டைப் பையிலிருந்து மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று எனக்கு நன்றாகத் தெரிந்த அட்டை, இவர் நிறுத்திய அதே மாத்திரை.

"எனக்கு ஆரம்பத்துலேருந்தே மூணுதான் அக்கா. அவர் முன்னாடி எறங்கிப் போகக் கூடாதுன்னு ஒண்ணுன்னு சொல்லிட்டேன்."

வாசலில் கிடந்த என் கணவரின் செருப்பைப் பார்த்தேன். வார் கடைசித் துளையில் மாட்டியிருந்தது. தண்ணீரை டிரைவர் பக்கம் நகர்த்தினேன்.

"போடுங்க தம்பி, மூணையும். ஒருத்தர் அளவுல இன்னொருத்தருக்குச் சட்டை வெட்ட மாட்டேன்னு கடையில சண்டையே போடுவார் அவர். மாத்திரையும் அப்படித்தான். டாக்டர் நம்ம உடம்பைப் பார்த்துக் குடுத்ததை, அடுத்தவனைப் பார்த்து நிறுத்தக் கூடாது."