நாலு பட்டன்

தகட்டில் டப்பா மூடி அடிக்கிற பிரஸ்தான் அவர்கள் கல்யாணத்துக்குத் தரகர். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் சத்தியம். அவள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அச்சு இறங்க வேண்டுமென்றால் ரெண்டு கையாலும் ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்க வேண்டும். ஒற்றைக் கையால் யாரும் ஏமாற்றிவிடக் கூடாதென்று எந்தப் புண்ணியவானோ பட்டன்களைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தான். அவளோ குள்ளம். கை எட்டவில்லை. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்தில் வெட்டியாக நின்றவரை, "நீ அந்தப் பக்கம் அமுக்குடா" என்றார். அவர்தான் இன்று அவள் வீட்டுக்காரர்.

என்ன காலம் அது! காதைப் பிளக்கிற சத்தத்தில், யார் காதிலும் விழாமல் எவ்வளவு பேசினார்கள்! ஆலையை இழுத்து மூடியபோது மற்றவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் பிரஸ்ஸையே கேட்டு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு இறக்கினார். பிழைப்பு அதில்தான் ஓடியது.

இன்று அதற்கு அரசாங்கப் பாதுகாப்புச் சோதனை. தேறாவிட்டால் சீல் வைத்துவிடுவார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமென்று மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான்.

ஆய்வாளர் சின்ன வயசுப் பெண். "ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

இவர்கள் பெருமையாக உட்கார்ந்தார்கள். இடது பட்டனில் அவள் இடது கை, வலது பட்டனில் அவர் வலது கை. அச்சு டமாரென்று இறங்கியது.

"ஐயோ, நிறுத்துங்க!" என்று ஆய்வாளர் பதறினாள். "மீதி ரெண்டு கை சும்மா இருக்கே! தகடு சிக்கினா அதை எடுக்க அந்தக் கை தானா உள்ள போயிடாதா?"

"மேடம், சட்டத்துல ரெண்டு பட்டன்னுதானே இருக்கு?" என்றார் அவர்.

"சட்டம் பட்டனைப் பத்தியே பேசலை ஐயா. அச்சு இறங்கும்போது உள்ள யார் கையும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அது கேக்குது. எப்படின்னு சொல்றது தரநிலைன்னு தனிப் புத்தகம். ரெண்டு பேர் உட்கார்ந்தா ஆளுக்கு ரெண்டு பட்டன். நாலும் சேர்ந்து அமுங்கினாத்தான் இறங்கணும்."

"அதுபடிதான் செய்யணுமா?"

"கட்டாயம் இல்லை. வேற வழியிலயும் செய்யலாம். ஆனா அதே அளவு பாதுகாப்புன்னு நீங்கதான் நிரூபிக்கணும்."

"எங்ககிட்ட இருக்கே வேற வழி" என்று அவர் பலகைக்குக் கீழே இருந்ததைத் தூக்கிக் காட்டினார். அவருடைய இடது கையும் அவளுடைய வலது கையும் கோத்தபடி இருந்தன. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆய்வாளர் சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் சண்டை போட்ட அன்னிக்கு?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்த நாட்கள் கொஞ்சமா நஞ்சமா! தரநிலை எழுதினவனுக்கும் கல்யாணம் ஆகியிருக்கும் போல.

அடுத்த வாரமே எலக்ட்ரீசியன் வந்து நாலு பட்டன் மாட்டினார். ஆய்வாளரும் வந்திருந்தாள். இருவரும் உட்கார்ந்து அமுக்கினார்கள். அச்சு இறங்கவில்லை. மறுபடியும் அமுக்கினார்கள். அசையவே இல்லை.

"பட்டன்ல ஏதோ கோளாறு" என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

எலக்ட்ரீசியன் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நாலும் நன்றாகத்தான் இருந்தன. இருவரையும் மறுபடி அமுக்கச் சொல்லிக் கவனித்தார். "ஐயா, உங்க இடது கைப் பட்டன்தான் அமுங்கலை."

அவள் எட்டிப் பார்த்தாள். பட்டன்மேல் அவர் விரல்கள் சும்மா கிடந்தன. அழுத்தத்தான் பார்க்கிறார், முகத்தில் வேர்வை துளிர்த்திருக்கிறது. கையில்தான் வலு இல்லை.

தினமும் பிடித்துக்கொண்டிருந்த கை! எழுந்துபோய் மெயின் சுவிட்சை அவளே அணைத்தாள்.

"நாளைக்கு மூடி அனுப்பணுமே" என்றார்.

"மூடி கிடக்கட்டும். கிளம்புங்க, டாக்டரைப் பார்க்கலாம். எத்தனை நாளாங்க இப்படி?"

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலைம்மா. நீ பிடிச்சிருந்தப்ப எனக்கே தெரியலை."