மேல் துளை

கண்ணாடிக்காரன் அந்த வீட்டுக்குள் முதன்முதலில் கால் வைத்தது, உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டத்தான். அடுத்த வருஷமே அந்த வீட்டுக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளுக்கு மூன்றரை வயதில் ஒரு பெண். பெற்றவன் எப்போதோ கைகழுவிவிட்டுப் போயிருந்தான். எல்லோரும் செல்லமாகக் 'குட்டி' என்று அழைத்த அந்தப் பெண், இவனைக் 'கண்ணாடி' என்றே கூப்பிட்டாள். இவனும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

மனைவியின் அண்ணனுக்குத்தான் இந்தக் கல்யாணம் தொண்டையில் சிக்கிய முள். வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை. ஆனால் குட்டியை இவன் தூக்கினால், இறக்கிவிடும்வரை கண்ணை எடுக்கமாட்டார்.

அன்று ஊரிலிருந்து மாமனார் ரயிலில் வந்துகொண்டிருந்தார். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. குட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லாததால், அவளையும் கூட்டிக்கொண்டு கண்ணாடிக்காரனும் மச்சானும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள்.

காரின் பின்பக்கத்தில் குட்டிக்கென்று மாட்டிய, பெல்ட் வைத்த குழந்தை சீட். பஞ்சுக்கு மேல் கட்டினால் பெல்ட் உடம்போடு ஒட்டாது என்று, உட்காரவைத்ததும் அவளுடைய பஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றினான். அவளுக்கு அழுகை முட்டியது. பெல்ட்டைப் பூட்டி இழுத்தான்.

"வலிக்குது கண்ணாடி," என்று தோளைத் தொட்டுக் காட்டினாள்.

குனிந்து பார்த்தான். வலி நிஜம்தான். சீட்டின் முதுகில் பெல்ட் வெளியே வரும் துளை, அவளுடைய தோளுக்குக் கீழே கிடந்தது. இழுக்க இழுக்க பெல்ட் தோளைக் கீழே அழுத்தியது. பிள்ளை வளர்ந்துவிட்டாள், பெல்ட் பழைய துளையிலேயே நின்றுவிட்டது.

"கொஞ்சம் தளர்த்தி விட்டா முடிஞ்சுபோச்சு மாப்பிள்ளை," என்றார் மச்சான்.

"தளர்த்தக் கூடாது மச்சான், சடன் பிரேக் போட்டா புள்ள தூக்கி எறியப்படுவா. மேல் துளைக்கு மாத்தணும்."

குட்டியை இறக்கி மச்சான் கையில் கொடுத்துவிட்டு, சீட்டைக் கழற்றி நடைபாதையில் குப்புறப் போட்டான். முதுகுப்பக்கத்து இரும்புக் கொக்கியிலிருந்து பெல்ட்டை உருவி, மேல் துளை வழியாகப் பின்னால் தள்ளி, முறுக்கு விழாமல் தடவிப் பார்த்து மறுபடியும் மாட்டினான். மச்சான் மணியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

திரும்ப உட்காரவைத்தபோது பெல்ட் தோளுக்குச் சற்று மேலிருந்து இறங்கியது. முதலில் இடுப்புப் பக்கத்துத் தொய்வை மேலே இழுத்தான். பிறகு முன்னால் தொங்கிய பெல்ட் வாலைப் பிடித்து இறுக்கினான். நெஞ்சுக் கிளிப்பை அக்குள் மட்டத்துக்கு ஏற்றினான். கழுத்தடி எலும்பின் மேல் பெல்ட்டைக் கிள்ளிப் பார்த்தான். விரலில் மடிப்பு சிக்கவில்லை, இறுக்கம் சரி. ஜாக்கெட்டை அவள்மேல் போர்வைபோல் போர்த்தினான்.

இப்போது வலி இல்லை. ஆனாலும் குட்டி ஊரைக் கூட்டினாள். அசையமுடியாத கோபம் அவளுக்கு.

மச்சான் இத்தனை மாதம் அடக்கிவைத்தது வாயிலிருந்து வந்தேவிட்டது. "பெத்தவனா இருந்தா இப்படிக் கதறக் கதறக் கட்டுவானா?"

கண்ணாடிக்காரனுக்கு முகம் சுட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பெல்ட் தளரும், அழுகை நிற்கும், மச்சான் முகமும் மலரும். அந்த வீட்டில் நல்ல பேர் வாங்க அவன் எத்தனையோ நாளாகத் தவம் கிடக்கிறான். ஆனால் இந்த விலைக்கு அந்தப் பேர் வேண்டாம் என்று தோன்றியது.

"பெத்தவன் எப்படிக் கட்டுவான்னு எனக்குத் தெரியாது மச்சான். நான் இப்படித்தான் கட்டுவேன்."

வண்டி கிளம்பியது. மச்சான் வீம்புக்குப் பின்னால் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு தெரு தாண்டியிருப்பார்கள், அழுகை சட்டென்று நின்றது. கண்ணாடிக்காரன் ஒரு டயர் கடை முன்னால் ஓரங்கட்டினான். பின்கதவைத் திறந்தான். பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. மறுபடியும் இறுக்கினான்.

"மச்சான், முன்னாடி வந்து உக்காருங்க."

"நான் இங்கதான் உக்காருவேன்."

"அப்ப வண்டியும் இங்கதான் நிக்கும்."

சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்கதவில் சாய்ந்து நின்றான். டயர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மச்சான் தங்கைக்குப் போன் போட்டார், அவள் எடுக்கவில்லை. கடைசியில் இறங்கி வந்து முன்சீட்டில் உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தினார்.

ஸ்டேஷன் வாசலில் மாமனார் காத்திருந்து கடுகடுத்துப் போயிருந்தார். பெட்டியை ஏற்றுவதற்குள் மகன் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். தாத்தாவைக் கண்டதும் குட்டியின் குரல் இன்னும் ஒரு கட்டை ஏறியது. "கண்ணாடி இறுக்கிடுச்சு தாத்தா."

"புள்ளைய அவுத்துக் குடுங்க மாப்பிள்ளை. நான் மடியில வச்சுக்கறேன்."

"முடியாது மாமா."

அந்த மனிதரிடம் அவன் அதுவரை அப்படிப் பேசியதே இல்லை.

"என் புள்ளைங்க எல்லாம் மடியில வந்ததுங்கதான்."

"இருக்கலாம் மாமா. குட்டி இதுலதான் வருவா. உங்களுக்குச் சங்கடமா இருந்தா டாக்ஸி பிடிச்சுத் தர்றேன்."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முணுமுணுத்தபடி ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதி வழியில் குட்டி தூங்கிப்போனாள்.

மாலையில் மனைவி வந்ததும் அண்ணன் பிடித்துக்கொண்டார். அவள் கேட்டுவிட்டு, குட்டியின் சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைப் பார்த்தாள். மச்சான் சொன்னதைவிட அதுதான் கண்ணாடிக்காரனை அதிகம் குத்தியது.

"பாரு. நல்லாப் பாரு," என்றான்.

தோளில் ஒன்றும் இல்லை. "மேல் துளைக்கு மாத்தினீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. வளந்துட்டா."

"தினமும் நான்தான் கட்டுறேன். என் கண்ணுல படவே இல்ல." அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இனிமே இவர் கட்டினதுல கை வைக்காத."

அண்ணன் சாப்பிடாமலே கிளம்பிப் போனார். மாமனார் மட்டும் சாப்பிட்டார். நல்லது என்றோ கெட்டது என்றோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடிக்காரனும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது குட்டி சீட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டாள்.

"கையை எடு."

"மாட்டேன்."

"நீ கையை எடுக்காம நானும் வண்டியை எடுக்கமாட்டேன்."

அவள் முறைத்தாள். அவனும் முறைத்தான். அவசரம் இல்லாதவன்போல் கார்க் கதவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அழுதபடியே கையை எடுத்தாள்.

அவன் இறுக்கினான்.