இன்னாசிக்கு ஒரு குழி

1962ஆம் ஆண்டு, கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை. முந்தின நாள் வைத்த சாமந்திப் பூக்கள் மழையில் நனைந்து கல்லறைகளின் மேல் ஒட்டிக்கிடந்தன. செஞ்சி மண்டியில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடும் ராயப்பன், கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு சிறிய மரப்பெட்டியை ஏந்தி நின்றான். பெட்டிக்குள் அவன் மகன். நேற்று மாலை பிறந்து, விளக்கு வைப்பதற்குள் இறந்தவன்.

"குழி எங்க சாமி? உள்ளயா, வெளியிலயா?" என்று குழிவெட்டும் துரைக்கண்ணு கேட்டான். "சீக்கிரம் சொல்லுங்க. வானம் இன்னொரு தரம் ஊத்துனா நானே குழிக்குள்ள போயிடுவேன்."

பங்குச்சாமியார் குடையை மடக்கினார். "குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆச்சா, ராயப்பா?"

அங்கே மண் மூன்று வகை. தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர். இந்தப் பக்கம் ஊர்த்தெருக் கிறிஸ்தவர்கள். அந்தப் பக்கம் சேரிக் கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் இடமில்லை. வேலிக்கு வெளியே, சப்பாத்திக்கள்ளி ஓரம், சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காத மண். அந்தக் குழந்தைகளுக்கு ஆண்டவர் முகத்தைப் பார்க்கக் கிடைக்காது என்று ராயப்பன் சிறுவயதில் மனப்பாடம் செய்திருந்தான்.

ஞானஸ்நானம் ஆகியிருந்தது.

நேற்று தெருவே கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, மாதம் நிறையும் முன்பே அவன் மனைவி செசீலிக்கு வலி கண்டது. நர்சம்மா ஊரில் இல்லை. அவன் சேரிக்கு ஓடி, மருத்துவச்சி ஞானம்மாளைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்தான். குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தது. அழவில்லை.

"தண்ணி குடுங்க, புள்ள உசுரு நிக்காது போல இருக்குது" என்றாள் ஞானம்மாள். அவன் தயங்கினான். அவளே அடுப்பங்கரைக்குப் போய்க் குடத்தில் மொண்டு வந்தாள்.

"பேரு?"

"இன்னாசி." இறந்துபோன தன் அப்பாவின் பெயர்.

அவள் குழந்தையின் தலையில் நீரை ஊற்றி, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே என்று சொன்னாள். ஆபத்து வேளையில் யார் ஊற்றினாலும் அது ஞானஸ்நானம்தான். கிறிஸ்தவ வேதக்காரர் எல்லோருக்கும் தெரிந்தது. சற்று நேரத்தில் குழந்தை அடங்கியது. அவள் கிளம்பும்போது அவன் சொன்னது ஒன்றுதான். "நீ வந்தது வெளியில தெரிய வேணாம்."

இப்போது அவன் பக்கத்தில் அண்ணன் சவரிமுத்து நின்றார். தெருவின் பெரியதனக்காரர். போன வருஷம் சேரிக் கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவனைத் தள்ளிவைத்தவர். அந்த வீட்டுக்கு இன்றுவரை யாரும் அடுப்புக்கு நெருப்புக்கூடக் கொடுப்பதில்லை.

"யாரு சாமி ஊத்துறது? ஊர்ல ஆளே இல்ல. சேரிலேர்ந்து அந்த ஞானம்மாவ வேணா கூப்புட்டிருக்கணும்" என்றார் சவரிமுத்து. "அவ நம்ம ஊட்டுப் படிய மிதிச்சா, படியையே பேத்து எறிஞ்சிருப்பேன்."

"நான் ராயப்பனைக் கேட்டேன்."

ராயப்பன் பெட்டியைப் பார்த்தான்.

"இல்ல சாமி."

சாமியார் செபம் சொல்லாமல் திரும்பினார். துரைக்கண்ணு மண்வெட்டியோடு வேலிக்கு வெளியே போனான். மண் ஈரமாக இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

வீட்டில் செசீலி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"புள்ளைய எங்க வெச்சீங்க?"

அவன் துண்டை உதறிக் கொடியில் போட்டான்.

"மாமா பக்கத்துலயா?"

"வெளியில."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "ஞானம்மா தண்ணி ஊத்துச்சே. நீங்க பேரு சொன்னீங்களே. மயக்கமா கெடந்தேன், காது கேக்காம இல்ல. வயித்துல சொமந்தவ கேக்கறேன். யாருக்குப் பயந்து அதக் கொண்டுபோயி முள்ளுல போட்டீங்க?"

அவன் நனைந்த வேட்டியோடு திரும்ப ஓடினான்.

சாமியாரும் சவரிமுத்துவும் கோயில் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பூசைக்கு வந்த தெருக்காரர்கள் சிலரும் நின்றார்கள். ராயப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"பொய் சொல்லிட்டேன் சாமி. ஞானம்மா ஊத்துச்சு. எங்க ஊட்டுக் கொடத்துத் தண்ணி. நான்தான் பேரு சொன்னேன்."

சாமியார் நெற்றியைத் தடவினார். "அது செல்லும். குழந்தையை எடுத்து உள்ளே வைக்கணும்."

"எங்கப்பா பக்கத்துல வராது" என்றார் சவரிமுத்து. "அவ கை பட்டது அவங்க பக்கமே போவட்டும்."

"அண்ணா, அது உன் தம்பி புள்ள."

"எனக்குத் தம்பியே கெடையாது. செத்துட்டான்னு நெனச்சுக்கறேன். போடா."

சாமியார் தெருக்காரர்களின் முகங்களைப் பார்த்தார். அவர்களைப் பகைத்தால் அடுத்த ஞாயிறு கோயில் காலியாக இருக்கும். "ராயப்பா, ரெண்டு பக்கமும் மந்திரிச்ச மண்ணுதான். அந்தப் பக்கமே வெச்சிடலாம். சண்டை வேண்டாம்."

ராயப்பன் கள்ளி ஓரம் மண்டியிட்டுக் கையால் மண்ணை வாரினான். துரைக்கண்ணு மண்வெட்டியை நீட்டினான். அவன் வாங்கவில்லை. பெட்டியின் மூலைகளில் சேறு ஏறியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்து, நடுச்சுவரை அடைந்தான்.

அந்தப் பக்கம் ஞானம்மாள் தன் புருஷனின் கல்லறையில் சரிந்த மண்ணைக் கூட்டி மேடாக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் சுவரின் மேலாகப் பெட்டியைக் கொடுத்தான். பிறகு சுவரில் காலை வைத்தான்.

"ஏறாதடா!" தெருக்காரர்களோடு பின்னால் வந்த சவரிமுத்து கத்தினார். "ஏறுனா திரும்பி வர முடியாது. பொண்டாட்டியோட தெருவுல ஒண்டியா கெடப்ப."

ராயப்பன் ஏறி இறங்கினான். துரைக்கண்ணு வாசல் வழியாகச் சுற்றி வந்து மறுபடி குழி வெட்டினான். சாமியார் தீர்த்தச் செம்போடு வந்து குழியருகே நின்று புத்தகத்தைத் திறந்தார். ராயப்பன் திறந்த புத்தகத்தின் மேல் சேற்றுக் கையை வைத்தான்.

"கொஞ்சம் இருங்க சாமி. ஜாதிய உள்ள கூட்டினு வந்து, ஆண்டவர வெளியில நிக்க வெச்சுட்டோம். மொத ஆளு நான்தான். பெத்த புள்ளையவே வெளியில போட்டேன். ஜாதி பாக்கறவன் வேதக்காரனே இல்ல. இத இங்க நின்னுதான் தெரிஞ்சுக்கணும்னு எனக்கு இருந்திருக்குது."

சுவருக்கு அப்பால் தெருக்காரர்கள் அசையாமல் நின்றார்கள். மழை பிடித்தது.

"நீங்க படிச்சவரு, சொல்லுங்க. ஞானஸ்நானம் செல்லும்னு உங்க வாயாலதான் சொன்னீங்க. அப்ப எம்புள்ள இன்னா ஜாதி சாமி?"