தட்டு மாற்றும் கை

1

இந்தக் கதை ஒரு மாட்டுக்கொட்டகையில் பிறந்தது. ஆடி மாதத்து விடியற்காலை ஒன்றில், கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கொட்டகைக்குள், ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பித்தளைத் தட்டு ஒன்றை ஏந்தி நிற்பதைப் பார்த்தேன். தட்டில் ஒரு தேங்காய் இருந்தது. பசு அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்த வாக்கியம் இது: எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நரம்புக் கோளாறு கிடையாது.

கதை இப்படித் தொடங்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் அதை அடிக்க மனம் வரவில்லை. அங்கேயே இருக்கட்டும்.

2

“எனக்குத் தெரிந்த ஒருவர்” என்று தொடங்கிப் பார்த்தேன். அப்புறம் “ஒரு நண்பர்”. இரண்டும் நிற்கவில்லை. கொட்டகையில் நின்ற அவன் என் தம்பி. பெயரை மட்டும் மாற்றித் தீர்த்தகிரி என்று வைக்கிறேன். மனைவி காசியம்மாள், மகள் அன்பரசி. அன்பரசிக்கு அரூரில் வரன் அமைந்து, ஆவணியில் நிச்சயம் வைத்திருந்தோம். நிச்சயத்தன்று பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து, சபை பார்க்கத் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். தட்டு மாறினால்தான் பேச்சு உறுதி.

ஒரு காலையில், டம்ளரைப் பிடித்திருந்தபோது தீர்த்தகிரியின் கட்டைவிரல் துடித்தது. நடந்தது அவ்வளவுதான். வேறு ஒருவனாக இருந்தால் காபியைக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போயிருப்பான். இவன் செல்போனை எடுத்துத் தேடினான்.

[எங்கள் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கியது. களி வாய்க்குப் போகும் முன் மடியில் விழும். இந்த வரிகளை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்திருக்கிறேன். இவை இல்லாமல் தம்பியின் பயம் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அவன் பைத்தியக்காரன் இல்லை.]

3

செல்போன் சொன்ன சோதனைகளை எல்லாம் செய்தான். கண்ணை மூடி விரலால் மூக்கு நுனியைத் தொட்டான். கண்ணாடி முன் பல்லைக் காட்டி, வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்த்தான். வாசனை தெரியாமல் போவதும் அறிகுறி என்று படித்த நாளிலிருந்து பெருங்காய டப்பா அடுப்படியில் தங்கவில்லை. ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கவும் செல்போன் சொன்னது. வரப்பில் நடந்தான். சிறு வயதிலிருந்து தலைச்சுமையோடு ஓடிய வரப்பு. அன்று ஒவ்வோர் அடியையும் கவனித்து வைத்ததில் மரவள்ளிக்காட்டுக்குள் சறுக்கி விழுந்தான்.

(நடப்பதை நினைத்துக்கொண்டே நடந்தால் யாருக்கும் கால் பின்னும். எழுதுவதை நினைத்துக்கொண்டே எழுதுகிற எனக்கு இது நன்றாகவே தெரிகிறது.)

சோதனையில் தேறினால் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு, சரியாகத்தான் செய்தோமா என்று சந்தேகம் வரும். மறுபடி செய்வான். கடைசியாக அவன் தானாகக் கண்டுபிடித்ததுதான் அந்தத் தட்டுச் சோதனை.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். சம்பந்தியாக வரப்போகும் குப்புராஜுக்கு அரூரில் மருந்துக்கடை. இந்தப் பக்கத்து டாக்டர்கள் எல்லாரும் அவருக்குப் பழக்கம். சேலத்துக்குப் போகலாமென்றால் பஸ்ஸில் பாதி ஊர் இருக்கும். பெண்ணின் அப்பாவுக்கு நரம்பு வியாதி என்று ஒரு பேச்சு கிளம்பினால், அது அன்பரசியோடு நிற்காது. தட்டு மாறட்டும், பிறகு போகலாம் என்று தீர்த்தகிரி முடிவு செய்தான். குடும்ப மானம் தெரிந்தவன் அப்படித்தான் செய்வான். அதைத் தவறென்று எழுத என் பேனா

இந்த வாக்கியம் இவ்வளவுதான்.

4

முதல் பிரதியில் காசியம்மாளை அழவைத்திருந்தேன். நடந்தது வேறு. இன்னொரு நாள் பால் கறக்கச் சொம்போடு கொட்டகைக்கு வந்தவள், கணவனையும் தட்டையும் பார்த்தாள்.

“ஏங்க, கூத்துக்கு ஒத்திகையா?”

அவன் தட்டை இறக்கிவைத்துக் கையைக் காட்டினான். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. “பாரு, நெஜமாவே ஆடுது. அப்பனுக்கு வந்ததேதான்.”

“தெனம் இந்தப் பாரத்தத் தூக்கிட்டு நின்னா யாரு கைதான் ஆடாது? இங்க குடுங்க.”

வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் அவள் கையும் ஆடியது. தீர்த்தகிரியின் முகம் தெளிந்தது. உடனே இருண்டது.

“ஒனக்கும் இருக்குமோ?” என்றான்.

அவள் தட்டை அவன் தலையில் கவிழ்க்காதது எங்கள் முன்னோர் செய்த புண்ணியம்.*

* இந்தப் பேச்சைக் காசியம்மாளே என்னிடம் சொன்னாள். “எழுதுனா இதையும் எழுதுங்க மாமா. வந்த நோவு ஒண்ணுன்னா, மறைக்கற நோவு ஒம்போது” என்றாள். எழுதிவிட்டேன்.

5

முதல் முடிவு: தட்டு ஆடாமல் மாறியது. எழுதிப் படித்தேன். சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பும் சேதிபோல இருந்தது.

இரண்டாவது முடிவு: தட்டு நழுவி, தேங்காய் உருண்டு, குப்புராஜின் காலடியில்

தம்பியின் முகத்தை அந்தச் சபையில் வைத்துப் பார்க்க என்னால் ஆகவில்லை.

நடந்ததையே சொல்கிறேன். நான் தீர்த்தகிரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் தட்டை நீட்ட, குப்புராஜ் கைவைத்தார். “அப்படியே இருங்க” என்று நிறுத்திவிட்டார் போட்டோக்காரர். அவர் கேமராவைச் சரிசெய்யும்வரை இருவரும் தட்டைப் பிடித்தபடி இருக்க வேண்டியதாயிற்று.

தட்டு ஆடியது. கொட்டைப்பாக்கு விளிம்பில் இடித்துச் சத்தமிட்டது. தீர்த்தகிரி முதலில் தன் கையைப் பார்த்தான். பிறகு, மானம் போன மனிதனாக, சம்பந்தியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். குப்புராஜ் இவனைப் பார்க்கவில்லை. நெற்றி வேர்த்திருக்க, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெட்டியாப் புடிச்சிக்குங்க சம்மந்தி” என்றார் இருவரில் ஒருவர், மெல்ல.

“நீங்களும் புடிச்சிக்குங்க” என்றார் மற்றவர்.

போட்டோ எடுத்தார்கள். தட்டு மாறியது. பந்தியில் குப்புராஜ் தீர்த்தகிரியின் பக்கம் சாய்ந்து, சேலத்தில் ஒரு நல்ல நரம்பு டாக்டர் இருப்பதாகவும், இரண்டு பேருமாக ஒரு நாள் போய்வரலாம் என்றும் சொன்னார். யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. தீர்த்தகிரியும் கேட்கவில்லை. அதிசயமாக, அன்று அவன் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

தட்டில் இருந்தவை நான்கு கைகள். ஆடியது எது என்று பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். எழுதமாட்டேன். இனி இரண்டு வீடும் எங்கள் குடும்பம். தொடக்கத்தில் விட்டுவைத்த அந்த வாக்கியத்தை மட்டும் என் பிரதியில் இப்போது அடித்துவிட்டேன்.

சேலத்து டாக்டர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது உங்கள் விரலைப் பார்க்காதீர்கள்.