ஒட்டின் திசை

மாப்பிள்ளையின் கட்டைவிரலில் மையைத் தடவிவிட்டு, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பெல்ட்டுக்காரன். கட்டிலில் கிடந்தவர் அவனுடைய தங்கை புருஷன். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டை அவிழ்த்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று டாக்டர் முந்தாநாளே கையை விரித்துவிட்டார். இருபது வருஷம் ஆலை வாசலில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்ட மனுஷன், இனிமேல் கைநாட்டு.

அந்த ஆலை முழுக்க ஓடுவது தோல் பெல்ட்டில்தான். மேலே சுழலும் நீள இரும்புத் தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பெல்ட் இறங்கும். அறுந்தால் இரண்டு முனையையும் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டுவது இவன் வேலை. தோல் கிழிந்தாலும் இவன் போட்ட ஒட்டு விடாது என்று பேர். ஆனால் ஒட்டிய பெல்ட்டுக்குத் திசை உண்டு. ஒட்டின் நுனி சக்கரத்தைத் தடவிக்கொண்டு போக வேண்டும், முட்டிக்கொண்டு போகக் கூடாது. மாற்றி மாட்டினால் சக்கரம் சுற்றுக்குச் சுற்று நுனியை நோண்டிக் கிளப்பிவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த சங்கதி. திங்கட்கிழமை மேஸ்திரி தலைமேல் நின்று பறந்த பறப்பில், இந்தக் கெட்டிக்காரன் மாற்றி மாட்டினான். சாயங்காலமே கண்ணில் பட்டுவிட்டது. வெளியே சொன்னால் மானம் போகும், ஞாயிற்றுக்கிழமை ஆலை நிற்கும்போது சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனான். சாப்பிட்டான், தூங்கினான். பாவி, நன்றாகவே தூங்கினான். வெள்ளிக்கிழமை ஒட்டு பிரிந்தது. பெல்ட்டின் முனை சாட்டையாய் வீசி, அந்த இயந்திரத்தில் நின்றிருந்த மாப்பிள்ளையின் முகத்தில் அடித்தது.

இப்போது அவன் மடியில் ஆபீஸ் காகிதம். ஓடும் பெல்ட்டருகே அஜாக்கிரதையாகக் குனிந்தது என் தவறே என்று மாப்பிள்ளை சொல்வதாக அதில் அச்சடித்திருந்தது. "கைநாட்டு வாங்கிட்டு வா. உன் பேரு எங்கயும் வராது" என்று மானேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். வாங்கிக் கொடுத்தால் இவன் வேலை தப்பும். மாப்பிள்ளைக்கு நஷ்டஈடு என்று ஒரு சல்லிக்காசுகூட வராது.

"ஒண்ணுமே ஞாபகமில்ல மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நான்தான் குனிஞ்சேனோ என்னவோ. நீ ஒட்டுன பெல்ட்டுதான் விட்டுச்சுன்னு எவனோ ஆஸ்பத்திரியில சொன்னான். கண்ணு மட்டும் தெரிஞ்சிருந்தா அவன் பல்லைப் பேத்திருப்பேன்." சிரிக்கப் பார்த்தார், கன்னத்துத் தையல் இழுத்தது. "என்ன எழுதியிருக்கு, படி. நீ படிச்சா சரிதான்."

அந்த நம்பிக்கைதான் இவனைக் கொன்றது. வாசற்படியில் தங்கை கட்டுத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். காகிதத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"பெல்ட்டை மாட்டுனவன் திசை மாத்தி மாட்டிட்டான். அன்னிக்கே அது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் நாலு நாள் ஓட விட்டான். இவரு மேல ஒரு தப்பும் இல்ல."

துணி பிழியும் சத்தம் நின்றது.

"மாட்டுனவன்னா?" என்றார் மாப்பிள்ளை.

"நான்தான் மாப்ள."

அவர் கையை உருவிக்கொண்டார். திட்டுவார், கத்துவார் என்று இவன் காத்திருந்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

தங்கை ஈரக்கையோடு வந்து காகிதத்தைப் பிடுங்கினாள். அஞ்சாவதோடு நின்ற படிப்பு. வரிக்கு அடியில் விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டி, கடைசி வரை வாசித்தாள்.

"அண்ணே, நீ படிச்சது ஒரு வரிகூட இதுல இல்லியே."

அவள் காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. பிள்ளைகளின் பையைத் துழாவி ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து வந்து, இரண்டையும் அவன் முழங்காலில் வைத்தாள்.

"இப்ப வாயால சொன்னதை எழுது. கீழ உன் பேரைப் போடு."

பென்சிலை எடுத்தான். கட்டிலில் அசைவு கேட்டது. பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் வருகிறதா என்று மாப்பிள்ளை கட்டுப்போட்ட முகத்தை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார்.